தலைப்பிரசவத்துக்கு ஊருக்குச் செல்லும் முன்: வடசென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழ்க்கைப்பட்ட பெண்களில் பலருக்குப் பிறந்த வீடு பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலோ, அதற்கும் அப்பால் செய்யாறு, திண்டிவனம் பக்கத்திலோ இருக்கிறது. முதல் ஆறு மாதங்கள் மாநகராட்சியின் சுகாதார நிலையத்தில் பரிசோதனை, வளைகாப்புக்குப் பின் தாய் வீடு, அங்கே பிரசவம், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புதல் என்பதே இவர்களின் வழக்கம். இந்த வழக்கத்தையொட்டி எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்களே. உங்கள் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வதே இறுதியானது.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைக் கிராமத்துக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் எல்லோரையும் அல்ல. கர்ப்ப காலத்தின் பெரிய சிக்கல்களான இரத்தக் கொதிப்பு, கடும் இரத்தசோகை, குறைமாதப் பிரசவம், வயிற்றில் குழந்தையின் வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவை பெரும்பாலும் இருபதாவது வாரத்துக்குப் பிறகு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில்தான் தலைகாட்டுகின்றன. நம் வழக்கப்படி வளையல் அடுக்கி, ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணை இடம் மாற்றுவதும் அதே காலத்தில்தான். இதுவரை பார்த்த மருத்துவரும் செவிலியரும் இனி பார்க்கப் போவதில்லை. இனி பார்க்கப் போகிறவர்களுக்கு இதுவரை நடந்தது தெரியாது. கிராமத்தில் வசதி குறைவு என்பதைவிட, இடையில் விழும் இந்த மூன்று நான்கு வார வெற்றிடமே எங்கள் கணிப்பில் பெரிய ஆபத்து.

இரத்த அழுத்தம் கூடியவர், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர், முன்பு சிசேரியன் ஆனவர், நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர், இதய நோய் அல்லது வலிப்பு நோய் உள்ளவர் ஆகியோர் அறுவை சிகிச்சையும் இரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்கு அருகிலேயே இருப்பது நல்லது. அத்தகைய பெண்ணைக் கிராமத்துக்கு அழைத்துச் செல்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பிறந்த வீட்டார் தயங்குகிறார்கள். மகள் தாய் வீட்டுக்குப் போவதுபோலவே, தாயும் மகள் இருக்கும் இடத்துக்கு வந்து இரண்டு மாதம் தங்கலாம். வளைகாப்பையும் குறைவின்றி இங்கேயே நடத்தலாம்.

போவது என்று முடிவானால், இங்கிருந்து எதையெல்லாம் கொண்டு செல்ல வேண்டும்?

முதலில் கர்ப்பிணிப் பதிவு எண். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் ‘பிக்மி’ எனப்படும் இணையப் பதிவில் ஏற்றப்பட்டு, பன்னிரண்டு இலக்க ஆர்.சி.ஹெச். எண் தரப்படுகிறது. இந்த எண்ணை வைத்துத்தான் கிராமத்துச் சுகாதார செவிலியர் அதே கர்ப்பத்தைத் தொடர்ந்து கவனிக்க முடியும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணையே கேட்பார்கள். ஒருமுறை பதிந்தவர் ஊரில் புதிதாகப் பதிய வேண்டாம். பழைய எண்ணைக் காட்டினால் போதும்.

அடுத்தது, தாய் சேய் நலப் புத்தகம், எல்லா ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. இவற்றைப் பீரோவில் பத்திரப்படுத்தி வைத்துவிட்டுக் கைபேசியில் எடுத்த மங்கலான படத்தோடு கிளம்புகிறவர்கள் உண்டு. நள்ளிரவில் பிரசவ அறையில் இருக்கும் மருத்துவருக்கு, ஆறாம் மாதத்தில் இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதைப் படிக்கக்கூடிய தாள் தேவை. படமும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அசலைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் இங்குள்ள செவிலியரிடம் ஊரின் பெயரையும் போகும் தேதியையும் சொல்லுங்கள். ஊருக்குப் போன முதல் வாரத்துக்குள் அங்குள்ள செவிலியரைப் பாருங்கள். களைப்பு தீரட்டும், விருந்தாளிகள் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கிராமத்தில் யாரைப் பார்ப்பது? என்ன வசதி இருக்கும்?

முதலில் பார்க்க வேண்டியவர், ஊர்மக்கள் ‘நர்சம்மா’ என்று அழைக்கும் கிராம சுகாதார செவிலியர். எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு, சிறுநீரில் புரதம், குழந்தையின் இதயத் துடிப்பு ஆகியவற்றை அவர் துணை சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார். அதற்கு மேலே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரும், சுழல்முறைப் பணியில் இரவும் பகலும் செவிலியர்களும் இருப்பார்கள். சிக்கலில்லாத பிரசவத்தை அங்கே நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் எந்த நேரமும் சிசேரியன் செய்ய முடியாது. இரத்த வங்கியும் இராது. அதற்காக உள்ளவை ‘சீமாங்க்’ எனப்படும் அவசரகாலப் பேறுகால மையங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சில வட்ட மருத்துவமனைகளிலும் இவை செயல்படுகின்றன.

ஆகவே ஊருக்குப் போனதும் செவிலியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சாதாரணப் பிரசவத்துக்கு எங்கே போக வேண்டும்? சிக்கல் வந்தால் எங்கே அனுப்புவீர்கள், அதற்கு எவ்வளவு நேரமாகும்?

எப்போது பதிவு செய்ய வேண்டும்? எத்தனை பரிசோதனை?

மாதவிலக்கு தள்ளிப்போனது உறுதியானவுடன், பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். நான்கு முறையாவது பரிசோதனை அவசியம் என்பது நம் நாட்டின் குறைந்தபட்ச அளவு. உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் எட்டு முறை என்கிறது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கென்று மருத்துவரின் சிறப்புப் பரிசோதனை உண்டு.

தடுப்பூசி இரண்டு இடத்திலும் போட வேண்டுமா?

வேண்டாம். ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கு எதிரான டி.டி. ஊசி நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. சென்னையில் முதல் தவணை போட்டிருந்தால் ஊரில் இரண்டாவது மட்டும் போதும். தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்தால், 28ஆவது வாரத்திலும் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். இதை ஊர்ச் செவிலியரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

‘இரத்தம் கம்மி’ என்கிறார்கள். இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே?

பலருக்கு உள்ளது என்பது உண்மை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 44.4 சதவீதம். மருத்துவமனைப் பிரசவம் ஏறக்குறைய நூறு சதவீதத்தை எட்டிய ஒரு மாநிலத்தில் இந்த எண் ஏறியிருப்பது வெட்கப்பட வேண்டிய செய்தி. பலருக்கு இருப்பதாலேயே அது இயல்பாகிவிடாது.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7க்குக் குறைந்தால் கடுமையானது. பிரசவத்தின்போது அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அதை மிகுபோக்கு என்கிறார்கள். நல்ல இரத்தம் உள்ள பெண் இதைத் தாங்கிவிடுவாள். 7 கிராமோடு பிரசவ அறைக்குள் போகிறவளுக்கு அதே இழப்பு உயிருக்கு ஆபத்தாகும். தாய்மார் இறப்பின் முதன்மைக் காரணங்களில் ஒன்றான இரத்தப்போக்கு, இரத்தசோகை உள்ள பெண்ணிடம் இருமடங்கு கொடுமையாக நடந்துகொள்கிறது. குழந்தை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறப்பதற்கும் இரத்தசோகை ஒரு காரணம்.

நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒரு மாத்திரை வீதம் 180 நாட்களும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாட்களும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. பயந்து நிறுத்த வேண்டாம். டீ, காபியுடன் சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் உதவும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையால் ஏறாதவர்களுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றும் சிகிச்சை அரசு நிலையங்களில் உண்டு. ஏழாம் மாதத்தில் தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் தெரிந்தால் இரத்தம் ஏற்றுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இராது. முருங்கைக் கீரை, கேழ்வரகு, ஈரல், மீன் எல்லாம் நல்லவையே. ஆனால் 8 கிராமில் இருக்கும் பெண்ணுக்கு உணவு மட்டும் போதும் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். சாப்பிட்டிருந்தாலும் செய்யக்கூடிய இந்த ஒற்றைச் சோதனையைப் பரவலாக்கியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யா. மாட்டு வண்டியிலோ பேருந்திலோ வரும் கிராமத்துக் கர்ப்பிணியைப் பட்டினியோடு வரச் சொன்னால் அவர் மறுமுறை வரமாட்டார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். முதல் பரிசோதனையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். அது பலருக்கும் ஊர் மாறும் காலத்தை ஒட்டி வருவதால், கிளம்புமுன் இங்கேயே முடித்துவிடுவது நல்லது.

கால் வீங்கினால் ‘நீர் கோத்திருக்கிறது, பிரசவமானால் வடிந்துவிடும்’ என்கிறார்களே?

மாலையில் பாதம் மட்டும் லேசாக வீங்கி, படுத்து எழுந்தால் வடிவது பெரும்பாலும் இயல்பே. முகமும் கைவிரல்களும் திடீரென வீங்குவது, தீராத தலைவலி, கண் மங்குதல், பூச்சி பறப்பதுபோல் தெரிதல், மேல்வயிற்றில் வலி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். 160/110ஐத் தொட்டால் அது அவசரநிலை.

இந்த இரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரக்கூடும். பழைய தலைமுறை இதைத்தான் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று சொல்லி, சில இடங்களில் காற்றுச் சேட்டை என்று மந்திரிக்க அழைத்துச் சென்றது. இதற்கு மக்னீசியம் சல்பேட் என்ற விலை மலிந்த மருந்து இருக்கிறது. அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்று 2002இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும், குறிப்பாக முதல் சில நாட்களில் வரக்கூடும். குழந்தை பிறந்துவிட்டது, இனி பயமில்லை என்று தலைவலியை அலட்சியப்படுத்தாதீர்கள்.

எந்த மாதம் வரை மின்சார ரயிலில் போகலாம்?

சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு ரயில் பயணம் தடையல்ல. மேடு பள்ளச் சாலையில் ஆட்டோவைவிட அது மேலானது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் அலுவலக நேரக் கூட்டத்தைத் தவிர்த்து, 36ஆவது வாரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

வலி எடுத்தால் எப்போது கிளம்புவது? சூட்டு வலி என்று எப்படித் தெரியும்?

சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வந்து, சற்று நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். உண்மையான வலி ஒழுங்கான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே, முதுகிலிருந்து முன்வயிற்றுக்கு இறங்கி, நேரமாக ஆக வலுக்கும். சந்தேகமாக இருந்தால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் நட்டமில்லை. பனிக்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், காய்ச்சல் இருந்தால் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது.

தாய்மார் இறப்புகளை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் மூன்று தாமதங்களைச் சுட்டினார்கள்: போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைக்கும் தாமதம். இரண்டாவதற்கு 2008 முதல் 108 வாகனம் இருக்கிறது. மூன்றாவது அரசின் பொறுப்பு. முதல் தாமதம் முழுக்க நம் வீட்டுக்குள் நடப்பது. மாப்பிள்ளை துறைமுகத்தில் இரவுப் பணியில் இருக்கிறார், அவர் வரட்டும், ராகுகாலம் கழியட்டும், பெரியப்பாவைக் கேட்டுவிடலாம் என்று போகும் நேரத்தில் ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எவ்வளவு இரத்தம் வெளியேறும் என்பதை எண்ணிப் பாருங்கள். யாரையும் கேட்காமல் 108ஐ அழைக்கும் உரிமை கர்ப்பிணிக்கும் அவளுடன் இருக்கும் தாய்க்கும் உண்டு என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிரசவத் தேதி விழுந்தால் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழவேற்காட்டைச் சுற்றியுள்ள தீவுக் கிராமங்களும் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுக் கரை ஊர்களும் வெள்ளத்தில் துண்டிக்கப்படுவது புதிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையே நீரில் நின்றது. அத்தகைய ஊர்க்காரர்கள் பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவமனையை ஒட்டிய உறவினர் வீட்டுக்கு வந்துவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம்.

ஊர் மருத்துவமனையில் சேர்த்த பிறகும் சென்னைக்கு அனுப்பிவிடுகிறார்களே, தட்டிக்கழிக்கிறார்களா?

சில நேரம் அப்படித் தோன்றினாலும், பெரும்பாலும் இல்லை. இரத்தமோ, மயக்க மருந்து மருத்துவரோ, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையோ தேவைப்படும்போது அனுப்புவதுதான் சரியான வைத்தியம். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குப் பல தலைமுறைகளாகப் பழகிய இடம் ராயபுரத்தில் உள்ள, 1880இல் தொடங்கப்பட்ட ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. இது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனை 1844இல் தோன்றியது. திருவள்ளூரிலும் இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலையிலும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் எந்த மருத்துவமனை விரைவில் எட்டும் என்பதை 108 ஊழியரின் முடிவுக்கு விடுங்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுதான்: என்ன காரணத்துக்காக அனுப்புகிறார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதிய பரிந்துரைச் சீட்டு.

சிசேரியன் என்றால் பணத்துக்காகத்தானா?

2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசில் 36. நாடு முழுவதற்குமான அளவு 21.5 சதவீதம். இந்த எண்களில் தேவையற்ற அறுவை சிகிச்சைகளும் கலந்திருக்கின்றன என்பதே எங்கள் கருத்து. நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துத் தரும் குடும்பங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வலியில் இருக்கும் பெண்ணின் படுக்கையருகே இந்த விவாதத்தை நடத்தக் கூடாது. காரணத்தைக் கேளுங்கள், குழந்தையின் துடிப்பு குறைகிறது, நச்சுக்கொடி பிரிந்துவிட்டது என்றால் உடனே கையெழுத்திடுங்கள். ஒருமுறை சிசேரியன் ஆனவர் அடுத்த குழந்தைக்கு இரண்டு ஆண்டுகளாவது இடைவெளி விட வேண்டும்.

முன்பெல்லாம் மருத்துவச்சி வீட்டிலேயே பார்த்தாரே?

பார்த்தார், எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றவும் செய்தார். இரத்தப்போக்கை நிறுத்த அவரிடம் மருந்து இருக்கவில்லை. இன்று குழந்தை பிறந்தவுடன் தொடையில் போடும் ஆக்ஸிடோசின் ஊசியே பல உயிர்களைக் காக்கிறது. 2018இல் திருப்பூரில் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் இரத்தப்போக்கால் இறந்தார்.

குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால்?

2,500 கிராமுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை. 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. இரண்டும் ஒன்றல்ல. சூடு காப்பதும் பால் இறங்குவதும்தான் இவர்களுக்கு உயிர்நாடி. தாயின் மார்போடு மார்பாக, தோல் படும்படி கட்டிவைக்கும் கங்காரு முறையைச் செவிலியர் சொல்லித் தருவார். தகப்பனும் பாட்டியும்கூடச் செய்யலாம். முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம். தொப்புளில் சாம்பல், எண்ணெய் எதையும் வைக்க வேண்டாம்.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, தெருவில் வரும் கழுதைப்பாலை வாங்கிச் சங்கில் புகட்டுவது ஆகியவை இன்னும் நம் தெருக்களிலும் கிராமங்களிலும் நடக்கின்றன. முதல் மணி நேரத்தில் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பெரியவர்களின் மனம் நோகாமல் இதைச் சொல்வது கடினம்தான். அந்தப் பொறுப்பை மருமகள் தலையில் கட்டாமல் மகன் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் எவ்வளவு காலம்?

பூண்டும் பால்சுறாப் புட்டும் நல்ல உணவே. காசிமேட்டுக்காரர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைப்பதுதான் தவறு. ‘தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்’ என்று பச்சை உடம்புக்காரியைத் தாகத்தில் வாட வைத்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும். காய்ச்சல், நாற்றத்துடன் தீட்டுப்படுதல், ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனைதல், ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமின்றி அழுகை, தூக்கமின்மை, குழந்தையின் மேல் பற்றின்மை இருந்தால் அதுவும் நோயே. 104 எண்ணில் ஆலோசனை பெறலாம்.

உதவித்தொகை எங்கே வாங்குவது, சென்னையிலா ஊரிலா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் கிடைக்கும். பதிவும் வங்கிக் கணக்கும் சரியாக இருந்தால் இடம் மாறியதால் மட்டும் தொகை நின்றுவிடாது. இங்கே பதிந்தவர் இங்குள்ள செவிலியரோடு தொலைபேசித் தொடர்பில் இருந்து, ஊரில் நடந்த பரிசோதனையும் பிரசவமும் அதே எண்ணில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தவணைகளின் பிரிவு அவ்வப்போது மாற்றப்படுவதால் அப்போதைய நிலவரத்தை அவரிடமே கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, இரத்தம் எல்லாம் இலவசம். வீடு திரும்ப 102 வாகனமும் இலவசம்.

பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம். பொன்னேரியில் பிறந்த குழந்தைக்குச் சென்னை மாநகராட்சியில் சான்றிதழ் கிடைக்காது. கைக்குழந்தையோடு மண்டல அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிந்து, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர் பெயர்களின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்பதை, ஊரைவிட்டுக் கிளம்புமுன் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.